குழவி நின்றது, கல் சுற்றியது

கோயமுத்தூரில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வாயில் இப்போது அடிக்கடி வருகிற சொல் ‘நார்டிக்’. வெள்ளைச் சுவர், வெளிர் மரம், கைப்பிடி இல்லாத அலமாரி, ஜன்னலோரம் ஒரே ஒரு செடி. அவினாசி ரோட்டு அப்பார்ட்மென்ட் விளம்பரங்களிலும் இதைப் பார்க்கலாம், நம் வயதுக்காரர்களின் இன்ஸ்டாகிராமிலும் பார்க்கலாம். இதைக் கேலி செய்வது சுலபம். அதில் எனக்கு ஆர்வமில்லை. வெளிச்சம் குறைவான ஊர்க்காரர்கள் வெளிச்சத்துக்காகக் கண்டுபிடித்த நிறங்களை, வெயில் கொளுத்தும் ஊரில் பூசிக்கொள்வது அவரவர் விருப்பம்.

என் குறை வேறு. அந்த நாடுகளிடமிருந்து நாம் நிறத்தைக் கடன் வாங்கினோம். கடன் வாங்கியிருக்க வேண்டிய வேறொன்றை அங்கேயே விட்டுவிட்டோம். ஒரு சாதாரணச் சமையலறைப் பொருளை அருங்காட்சியகத்தில் வைத்து, அது யாருடைய உழைப்பைக் குறைக்க வந்தது என்று சொல்கிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன். கொங்குநாட்டுக்கு இது அவசரத் தேவை. நம்மிடம் சொல்லத் தகுந்த பொருள் ஒன்று இருக்கிறது. அதன் கதையை நாம் பாதியோடு நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஸ்டவ்வுக்கு இரண்டு கதை

நார்டிக் பொருள் நம் வீட்டுக்குள் வந்து நூறு வருடம் ஆகிறது. அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை, அவ்வளவுதான். 1892-ல் ஸ்டாக்ஹோமில் எஃப். டபிள்யூ. லிண்ட்குவிஸ்ட் என்பவர் திரி இல்லாத மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றைச் செய்தார். எண்ணெயைக் காற்றழுத்தத்தால் மேலேற்றி, சூட்டில் ஆவியாக்கி, நீல ஜுவாலையாக எரிய வைக்கும் அடுப்பு. பெயர் பிரைமஸ். நம் ஊரில் பம்பு ஸ்டவ். பின் வைத்துக் குத்துவது, பம்பு அடிப்பது, ‘உஸ்ஸ்’ என்று அது பேச ஆரம்பிப்பது எல்லாம் நம் அம்மாக்களின் தலைமுறைக்கு மனப்பாடம்.

ஸ்வீடனில் இந்த அடுப்பின் கதையை எப்படிச் சொல்வார்கள்? பனிப்பாலைவனப் பயணங்களோடு சேர்த்துச் சொல்வார்கள். நான்சென் வடதுருவத்தை நோக்கிப் போனபோதும், அமுண்ட்சென் 1911-ல் தென்துருவத்தைத் தொட்டபோதும் பிரைமஸ் அடுப்பு கூடப் போனது. வீரக்கதைதான். பொய்யும் இல்லை.

ஆனால் அதே அடுப்புக்கு இந்தியாவில் இன்னொரு கதை உண்டு. எண்பதுகளின் செய்தித்தாள்களைப் புரட்டினால், ஒரே அச்சில் வார்த்தது போலத் திரும்பத் திரும்ப ஒரு வரி வரும்: ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’. சில இடங்களில் ஸ்டவ் உண்மையாகவே வெடித்தது. வேறு பல வீடுகளில் வெடித்தது வரதட்சணைத் தகராறு. பழி ஸ்டவ் மேல் விழுந்தது. 1986-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வரதட்சணை மரணம் என்று 304-பி பிரிவைத் தனியாகச் சேர்க்க வேண்டிய அளவுக்கு அது பரவியிருந்தது. துருவத்துக்குப் போன அதே பித்தளை, அதே பர்னர். லிண்ட்குவிஸ்டின் காப்புரிமைப் பத்திரத்தில் இந்தக் கதை இருக்க வாய்ப்பில்லை.

ஒரு பொருளின் கதை அதைக் கண்டுபிடித்த நாளில் முடிவதில்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. செய்தவரின் பெயரும் வருடமும் எழுதிய ஒரு அட்டையை மட்டும் பக்கத்தில் வைத்தால், நாம் பார்ப்பது பொருளின் பிறப்புச் சான்றிதழை மட்டும்தான்.

முப்பதாயிரம் மணி நேரம்

நார்டிக் அருங்காட்சியகங்கள் எல்லாமே இந்த விஷயத்தில் தேறிவிட்டன என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் நாயக வழிபாடு உண்டு. அல்வார் ஆல்ட்டோவின் 1936 பூச்சாடி முன்னால் நின்று சொக்கிப்போகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த மரபுக்குள்ளேயே அதற்கு எதிரான குரலும் இருக்கிறது. பின்லாந்தின் காய் ஃபிராங்க் 1953-ல் வடிவமைத்த ‘கில்டா’ தட்டுகளும் கோப்பைகளும் இன்று உலகம் அறிந்தவை. முழு செட்டாக வாங்க வேண்டியதில்லை, வேண்டியதை வேண்டியபோது ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. அதே ஃபிராங்க், வீட்டுப் பொருளை வடிவமைத்தவரின் பெயரைச் சொல்லி விற்காதீர்கள் என்று அறுபதுகளில் வாதாடியவர். பொருளைச் செய்வதில் பல கைகள் இருக்கும்போது ஒரு பெயர் மட்டும் மேலே வருவது அவருக்கு உறுத்தியது.

அந்தப் பல கைகளுக்கு ஒரு சின்ன உதாரணம். ஃபிஸ்கார்ஸ் கம்பெனியின் ஆரஞ்சுக் கைப்பிடிக் கத்தரிக்கோலை எல்லாரும் பார்த்திருப்போம். 1967-ல் அந்தக் கைப்பிடிக்கு ஆரஞ்சு நிறம் யோசனையிலேயே இல்லை. அதே எந்திரத்தில் அதற்குமுன் ஜூஸ் பிழியும் பாத்திரம் வார்த்திருந்தார்கள். மிச்சமிருந்த ஆரஞ்சு பிளாஸ்டிக்கில் முதல் கைப்பிடிகளை வார்த்துப் பார்த்தார்கள். பிடித்துப்போய், கம்பெனி ஆட்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி அதையே வைத்துக்கொண்டார்கள். மிச்சம் பிடிக்கிற புத்தி நம் ஊர் பட்டறைக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை.

இருந்தாலும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த பொருள் ஒரு பாத்திர அலமாரி. பின்லாந்து வீடுகளில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர்மேலே இருக்கும். அடிப்பலகைக்குப் பதிலாகக் கம்பித் தட்டு. கழுவின தட்டை அப்படியே செருகிவிட்டால் தண்ணீர் தானாகத் தொட்டிக்குள் சொட்டும். துடைக்கிற வேலை, எடுத்து அடுக்குகிற வேலை ரெண்டும் மிச்சம். இதைப் பின்லாந்தின் வேலைத்திறன் ஆய்வு நிறுவனத்தில் 1944-45 வாக்கில் உருவாக்கியவர் மாய்யூ கெப்ஹார்ட். அழகான அலமாரி செய்ய வேண்டும் என்று அவர் கிளம்பவில்லை. ஒரு கணக்குப் போட்டார். ஒரு குடும்பப் பெண் தன் வாழ்நாளில் பாத்திரம் கழுவவே ஏறக்குறைய 30,000 மணி நேரம் செலவழிக்கிறாள் என்று கணக்கு வந்தது. அந்த எண்ணுக்குக் கிடைத்த பதில்தான் அந்தக் கம்பித் தட்டு.

சாதாரண மர அலமாரிதான். ஆனால் அதன் கதையில் முதல் வரியே ஒரு பெண்ணின் நேரம். இதைத்தான் நாம் கடன் வாங்கவில்லை என்கிறேன்.

செம்பைப் பார்த்தவர்கள்

இந்தியப் பொருட்களை இப்படி ஊன்றிப் பார்த்த புகழ்பெற்ற பிரதி ஒன்று இருக்கிறது. அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசின் அழைப்பில் நாடு சுற்றி, 1958-ல் எழுதிய ‘இந்தியா ரிப்போர்ட்’. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-ல் தொடங்கப்பட அதுதான் வித்து. நாடெல்லாம் பார்த்துவிட்டு, தாங்கள் கண்ட பொருள்களிலேயே உயர்ந்ததாக அவர்கள் சொன்னது லோட்டாவை. நம் சொம்பு.

அந்தப் பகுதியை வடிவமைப்பு படிக்கிறவர்கள் வேதம் மாதிரி படிப்பார்கள். படிக்கத் தகுந்ததுதான். ஒரு சொம்பை இன்று புதிதாக வடிவமைக்க வேண்டுமென்றால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். எவ்வளவு கொள்ள வேண்டும், தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா, காலியாக இருக்கும்போது எப்படி நிற்கும், ஊற்றும்போது எப்படிச் சாயும், பிடிக்கிற கையின் அளவென்ன, ஆண் கையா பெண் கையா, உலோகத்தின் விலையென்ன, பழசானால் என்ன விலைக்குப் போகும். எந்தத் தனிமனிதரும் அதை வடிவமைக்கவில்லை, தலைமுறைகள் சேர்ந்து வடிவமைத்தன என்று முடிப்பார்கள்.

அருமையான கவனிப்பு. ஆனால் அந்தக் கவனம் முழுக்கப் பொருளின் மேலேயே நிற்கிறது. கை பெண்ணுடையதா என்று கேட்கிறவர்கள், அந்தக் கைக்கு ஒரு நாளில் எத்தனை நடை என்ற கேள்விக்குப் போகவில்லை. யாருடைய கிணற்றில் யார் சொம்பு இறங்கலாம், யாருக்குக் கையில் சொம்பே தராமல் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினார்கள் என்பதெல்லாம் அந்தப் பட்டியலுக்கு வெளியே. டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்த மண் நமது. இங்கே பாத்திரத்தின் கதையை வளைவு, நெளிவு, எடை என்று மட்டும் சொன்னால் அது அழகுணர்ச்சி மட்டும்தான். ‘தலைமுறைகள்’ என்ற சொல் பார்க்கப் பணிவாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் யார் யார் என்று கேட்கவிடாமலும் செய்கிறது.

ஆக எனக்கு முன்னால் இரண்டு குறைகள். ஒரு பக்கம் ஒற்றை மேதையின் பெயர்; இன்னொரு பக்கம் பெயரே இல்லாத கூட்டம். இரண்டிலுமே பொருளோடு மல்லுக்கட்டியவளுக்கு இடமில்லை.

நம் ஊர்க் கண்ணாடிப் பெட்டி

கோவையில் மேதையின் கதை என்றால் ஜி.டி. நாயுடுதான். 1893-ல் கலங்கலில் பிறந்தவர். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, பிரித்துப் பார்த்து, பூட்டிப் பழகியவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். மின்சவரக் கத்தி, மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, ஓட்டுப்பதிவு எந்திரம் என்று அவர் பெயரில் நீளமான பட்டியல் உண்டு. 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தவர். அவினாசி ரோட்டில் அவர் பெயரில் இருக்கும் காட்சிக்கூடத்துக்கு, இந்த ஊரில் படித்த பெரும்பாலானவர்களைப் போல என்னையும் பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிப்போனார்கள்.

நாயுடுவின் பொருள்களில் எனக்குப் பிடித்தது அவற்றின் விலை. ஸ்வீடனில் 1919-ல் கிரிகோர் பால்சன் ‘அன்றாடப் பொருள்கள் இன்னும் அழகாக’ என்று ஒரு முழக்கம் வைத்தார். ஸ்காண்டிநேவிய வடிவமைப்பே அதிலிருந்து கிளைத்தது என்பார்கள். கொங்குநாட்டுக்கு இப்படி ஒரு முழக்கத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் ‘இன்னும் மலிவாக, நாமளே பிரிச்சுப் பூட்டற மாதிரி’ என்றுதான் இருந்திருக்கும். அந்த 70 ரூபாய் ரேடியோவில் அந்த வாக்கியம் இருக்கிறது. பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் லேத் பட்டறைகளில் இன்றும் அது காதில் விழும்.

ஆனால் ‘இந்தியாவின் எடிசன்’ என்ற பட்டம் இந்த வாக்கியத்தை அமுக்கிவிடுகிறது. எடிசன் என்று சொன்னதும் பொருளை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க ஆரம்பிக்கிறோம். எவ்வளவு பெரிய மூளை, எத்தனை கண்டுபிடிப்பு, அரசாங்கம் எப்படி ஆதரவு தரவில்லை என்று கதை அவரைச் சுற்றியே ஓடுகிறது. அந்த சவரக் கத்தியால் எந்த மாதிரி ஆள் சவரம் செய்துகொண்டார், மலிவு ரேடியோ நம் ஊர்த் திண்ணைக்கு வந்திருந்தால் யார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள், யார் அடுப்படியிலிருந்தே கேட்டிருப்பார்கள் என்பது கேள்வியாகவே எழுவதில்லை. ஒரு நகரம் தன் தொழில் வரலாற்றை மேதைகளின் வரிசையாக மட்டும் நினைவு வைத்தால், அந்த நகரத்துப் பிள்ளைகள் ரசிகர்களாக வளர்வார்கள். பொருளைக் கேள்வி கேட்கிறவர்களாக வளர்வது சிரமம்.

கிரைண்டரைப் பிரித்துப் பார்த்தால்

இப்போது நம் பொருளுக்கு வருகிறேன். வெட் கிரைண்டர். 1955-ல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி செய்தார் என்பது பதிவான வரலாறு. 2005-06-ல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்றது. நம்மில் பெரும்பாலோர்க்குத் தெரிந்த கதை இந்த இரண்டு வரிதான். ஊர்ப் பெருமைக்கு இது போதும். பொருளைப் புரிந்துகொள்ளப் போதாது.

ஆட்டாங்கல்லை முதலில் பார்ப்போம். கல் அசையாது, குழவி சுற்றும். வலது கை குழவியைச் சுற்ற, ஓரத்துக்கு ஒதுங்குகிற மாவை இடது கை குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு கையும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் ஒரே தாளத்தில் போக வேண்டும். தாளம் தப்பினால் விரல் நசுங்கும். உளுந்து என்றால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்க வேண்டும்; காற்றைச் சேர்த்துக்கொண்டு அது பொங்கிவர வேண்டும். இதற்கு நடுவே பிள்ளை அழுதால், இடது கை போய்த் தொட்டிலை ஆட்டிவிட்டு வரும்.

கிரைண்டர் இதைத் தலைகீழாக்கியது. குழவியை ஒரு கை மாதிரியான கம்பி பிடித்து நிறுத்திக்கொண்டது. கல்லோடு சேர்ந்த பாத்திரம் சுற்ற ஆரம்பித்தது. ஓரத்து மாவை வழித்து நடுவே தள்ள ஒரு தகடு. அந்தக் கம்பி இருக்கும் இடம் அவளுடைய வலது கை. தகடு இருக்கும் இடம் இடது கை. மோட்டாருக்கு மேலே இருக்கிற அவ்வளவும், ஆட்டாங்கல் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் உடலசைவை இரும்பில் எழுதிவைத்ததுதான். வேகத்தைக்கூட அவளிடமிருந்துதான் எடுத்திருக்கிறது. மிக்ஸியைப் போல வெறிபிடித்துச் சுற்றினால் மாவு சூடேறும், சூடேறினால் புளிப்பு கெடும், இட்லி கல்லாகும். கல்லோடு கல் நிதானமாக உரசினால்தான் மாவு மாவாக இருக்கும் என்பது அவள் கை கண்டுபிடித்த ஞானம். சபாபதியின் பங்கை இது குறைக்காது. கூட யாருடைய பங்கு இருக்கிறது என்று காட்டும்.

இது ஏன் இந்த ஊரில் நடந்தது என்பதற்கும் விடை பொருளுக்குள்ளேயே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கருங்கல்; அதைக் கொத்தத் தெரிந்தவர்கள். முப்பதுகளில் வந்த பைக்காரா மின்சாரம். பஞ்சாலைகளுக்காக வளர்ந்த வார்ப்புப் பட்டறைகள், லேத்துகள். கவலை இறைத்துக் காய்ந்துபோன ஆழக்கிணறுகளுக்காக உருவான மோட்டார் தொழில். 1937-லேயே இந்த ஊரில் மின்மோட்டார் செய்தாகிவிட்டது. கிணற்றுமேட்டில் மாட்டை விடுவித்த மோட்டாரின் தங்கச்சிதான் அடுக்களைக்கு வந்தது. மாடுகளுக்கு விடுதலை கிடைத்து எத்தனையோ வருடம் கழித்துத்தான் பெண்களுக்கு முறை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்போதும் முதலில் போனது ஓட்டல்களுக்கும், கூலிக்கு மாவரைத்துத் தருகிற கடைகளுக்கும். வீட்டுக்குள் வர அது இன்னும் சின்னதாக வேண்டியிருந்தது.

இதற்கடுத்த மாற்றங்களைக் கவனித்தால் இன்னொரு சண்டை தெரியும். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது சாய்க்க முடியாத பழைய மாடல். அதைப் பற்றி என் அம்மிச்சி சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: “ஆட்டாங்கல்லுல ஆட்டுனா கைதான் கண்ணு நோகும். இதக் கழுவி எடுக்கறதுக்குள்ள இடுப்பே போயிருது.” மாவை அள்ளி, தண்ணீர் ஊற்றி, தேய்த்து, அந்தத் தண்ணீரையும் கையாலேயே அள்ளிக் கொட்ட வேண்டும். அரைக்கிற வேலையை எந்திரம் வாங்கிக்கொண்டு கழுவுகிற வேலையை அவள் தலையில் கட்டியது. பிறகு சாய்த்து ஊற்றுகிற கிரைண்டர் வந்தது. அதன்பிறகு பாத்திரத்தைத் தனியாகக் கழற்றிக் கழுவுகிற டேபிள்டாப். ஆக, கிரைண்டரின் வளர்ச்சி வரலாறு பெரும்பாலும் கழுவுவதைப் பற்றிய புகார்களின் வரலாறு. அந்தப் புகார்களைச் சொன்னவர்கள் பெயர் எந்தக் காப்புரிமையிலும் வராது.

கெப்ஹார்ட் மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம் ஆட்டினாள் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 104 மணி. நாற்பது வருடத்துக்கு 4,160 மணி. எட்டு மணி நேர ஷிப்ட் கணக்கில் 520 ஷிப்ட். கூலியில்லாத ஷிப்ட்.

கிரைண்டர் அந்த நேரத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்ததா? முழுக்க இல்லை. கம்பும் ராகியும் தின்ற கொங்குக் கிராமங்களில் இட்லி ஒருகாலத்தில் தீபாவளிப் பலகாரம். கிரைண்டர் வந்த பிறகு தினப்படி ஆனது. ‘எந்திரம்தான அரைக்குது’ என்று எல்லாருக்கும் தினமும் இட்லி வேண்டியிருந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் எழுதிய புத்தகத்தில், துவைக்கிற எந்திரமும் துப்புரவு எந்திரமும் இப்படித்தான் அங்கே தாய்மாரின் வேலையைக் கூட்டின என்று காட்டினார். ஆனால் மிச்சமான கொஞ்சம் நேரத்தில்தான் பல பெண்கள் மில்லுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் காலை பஸ் பிடித்தார்கள் என்பதையும் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். இரண்டும் சேர்ந்ததுதான் இந்தப் பொருளின் கதை.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது, ‘இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்’ என்று ஆண்கள் டீக்கடையில் பேசினார்கள். அந்த ஏளனம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், கிரைண்டரை நாம் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பது தெரியும். 4,160 மணி நேரம் என்ற எண் யார் மனதிலும் இல்லாததால்தான் அது சோம்பேறித்தனத்துக்கான பரிசாகத் தெரிந்தது. ஒரு சாதாரணப் பொருளின் கதையைப் பாதியோடு நிறுத்தினால், அதன் விலை அரசியலில் இப்படித்தான் கொடுக்கப்படும்.

எழுதப்படாத அட்டை

கோவையில் ஒரு அன்றாடப் பொருள் அருங்காட்சியகம் வந்தால், அதில் நான் பார்க்க விரும்புவது பளபளப்பான முதல் மாடலை அல்ல. நன்றாகத் தேய்ந்த ஒரு ஆட்டாங்கல், அடுத்து சாய்க்க முடியாத பழைய கிரைண்டர், அடுத்து மெழுகு மெழுகென்று ஆகி மறுபடி கொத்தப்பட்ட ஒரு குழவி, கடைசியாக அரசு முத்திரை ஒட்டிய ஒரு டேபிள்டாப். பக்கத்திலேயே ஒரு பம்பு ஸ்டவ், இரண்டு கதைகளோடும். கண்ணாடிக்குள் பூட்ட வேண்டாம். பிள்ளைகள், முக்கியமாகப் பையன்கள், குழவியைப் பிடித்துப் பத்து நிமிடம் சுற்றிப் பார்க்கட்டும்.

இதற்குப் பெரிய கட்டிடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய கிரைண்டர்கள் வாரம் தவறாமல் இரும்புக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மோட்டாருக்குச் செம்புவிலை கிடைக்கும். கல்லைத் தெருவோரம் தள்ளிவிடுவார்கள். உங்கள் வீட்டுக் கிரைண்டர் போவதற்கு முன்னால், அதை அதிகம் கழுவியவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த வருடம் வந்தது, யார் காசில் வந்தது, வருவதற்கு முன்னால் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், வந்த பிறகு அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள். பதிலை ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். சபாபதி பெயரும் 1955-ம் அதில் இருக்கட்டும், அவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் இருக்கட்டும்.